கத்தி எங்கே படுத்திருந்தது?

சென்ற வாரம் நீங்கள் இருவரும், ஒருவர் இர்விங்கிலிருந்தும் ஒருவர் ஹூஸ்டனிலிருந்தும், சொல்லி வைத்ததுபோல் ஒரே நாளில் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். "அக்கா, நம்ம ஃபார்ம்ல பதினாலாவது கேள்வியை மட்டும் ஸ்கிப் பண்ணிக்கலாமா? கஸ்டமர்கிட்ட கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

நான் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். போட்ட பிறகு அது கடுமையாக இருக்கிறதோ என்று ஒரு சிரிப்புப் பொம்மை சேர்த்தேன். பொம்மை கேலியாகத் தெரியுமோ என்று அதை அழித்தேன். அழித்தால் "அழிக்கப்பட்டது" என்று உங்கள் பக்கம் தெரியும் என்பது அழித்த பிறகுதான் உறைத்தது. என்னவோ மோசமாகத் திட்டி எழுதி அழித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்திருந்தால், இல்லை, அது வெறும் பொம்மை.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். கணவருக்கு மில்பிடாஸில் வேலை மாறியிருக்கிறது. பையனுக்குப் பத்து மாதம். எட்டு வருடம் பழைய அமெரிக்கச் சண்டைக் கத்திகளைத் தொட்டும் முகர்ந்தும் உருப்பெருக்கியில் பார்த்தும் மதிப்பீடு எழுதிய பிறகு, முப்பத்து நான்கு வயதில் "ஓய்வு பெறுகிறேன்" என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போகிறவள் வருகிறவர்களுக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அலகின் வடிவம், ஆணியின் தலை, தோலின் தையல், இதெல்லாம் அலுவலகத்து அலமாரியில் இருக்கும் புத்தகங்களிலேயே இருக்கிறது. பதினான்காவது கேள்வி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நம் அலுவலகத்தைத் தவிர வேறு எந்த அலுவலகத்திலும் கிடையாது. அதற்குக் காரணம் நான்தான்.

கேள்வி உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். "இந்தப் பொருள் எப்போதாவது யாருடைய படுக்கையிலாவது, படுக்கைக்கு அடியிலாவது இருந்ததா? ஆம் எனில், எத்தனை ஆண்டுகள், எந்தப் பக்கம்?"

நான் இந்த வேலைக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும். தொல்லியல் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஜமீன் வாள்களுக்கும் ஈட்டி முனைகளுக்கும் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் பார்த்த முதல் விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன். நம் முதலாளி மேசைமேல் ஐந்து கத்திகளை வைத்து, எது போலி என்று கேட்டார். ஒன்றைக் காட்டினேன். பிறகு, "இன்னொன்றும் இருக்கலாம்" என்றேன். பிறகு, "முதலில் காட்டியது ஒருவேளை சரியானதாகவும் இருக்கலாம்" என்றேன். அவர் அன்றே வேலை கொடுத்துவிட்டார். சந்தேகப்படுகிற ஆள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நீங்கள் இருவரும் வந்ததும் அப்படித்தான்: "உன்னைப்போல் தன்னையே நம்பாத ஆட்கள் உன் ஊரில் இன்னும் இருக்கிறார்களா?" என்று என்னிடம் கேட்டுத்தான் ஆள் தேடினார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், இரண்டு நாள் யோசித்த பிறகு.

ஒரு சின்ன விஷயம். வந்த புதிதில் யார் கத்தியை நீட்டினாலும் நான் கையில் வாங்கமாட்டேன். நம் வீடுகளில் கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் அல்லவா, அந்தப் பழக்கம். "தயவுசெய்து மேசையில் வையுங்கள்" என்று சொல்லி, அவர்கள் வைத்த பிறகு எடுப்பேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அது அலுவலக விதியாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு பெரிய சேகரிப்பாளர் தன் நண்பர்களிடம், "உண்மையான நிபுணர்கள் கையில் வாங்குவதில்லை" என்று விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். அவசரப்பட்டு நம் பழக்கங்களை மறைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது ஆறு வருடத்துக்கு முன் நடந்தது.

மிஸ் மார்த்தாவுக்கு அப்போது எண்பத்தேழு வயது. டெக்சாஸில் வயதான பெண்களை, கல்யாணமானவர்களையும், மரியாதைக்கு மிஸ் என்பார்கள். பேர்லேண்டில் என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே, தனியாக இருந்தார். அவர் கணவர் இறந்து நான்கு மாதமாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலின் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே கையால் செய்ததாகச் சொல்லி ஒரு கத்தி வைத்திருந்தார். அரத்தைத் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய அலகு. நொறுங்கிய விமானத்தின் கண்ணாடித் துண்டுகளையும் அலுமினிய வளையங்களையும் மாற்றி மாற்றிக் கோத்த கைப்பிடி. கெட்டித் தோலில் தைத்த உறை. இப்படிப்பட்ட கத்திகள் உண்டு, போலிகள் அதைவிட அதிகம் உண்டு.

கத்தியை என்னிடம் ஒப்படைத்த அன்று மிஸ் மார்த்தா சொன்னது இதுதான். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"விலை எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டாம், ஹனி. அப்பா இதை ஏதோ சந்தையில் வாங்கிவிட்டுக் கப்பலில் செய்ததாகக் கதை விட்டார் என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சவ அடக்கத்தன்றே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அறுபத்தோரு வருடம் அவருடன் வாழ்ந்திருக்கிறேன். அவர் பொய் சொன்னாரா இல்லையா? அதை மட்டும் எழுதிக் கொடு."

அப்போது நம் படிவத்தில் பதின்மூன்று கேள்விகள்தான். ஒன்பதாவது, "எங்கே பாதுகாக்கப்பட்டது?" மிஸ் மார்த்தா ஒரு கணம் தயங்கிவிட்டு, "வீட்டில்தான்" என்றார். நானும் "வீட்டில்" என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தியில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. உறைதான் இடித்தது. இடுப்பில் தொங்கிய உறை என்றால் வார் உரசுகிற இடமும் தொடையில் படுகிற இடமும் முனையும் தேய்ந்திருக்கும். இந்த உறை அப்படி இல்லை. ஒரு முகம் முழுவதும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகி, பளபளப்பாகி, உருப்பெருக்கியில் பார்த்தால் சாய்வாகத் துணி நெசவின் வரிகள் பதிந்திருந்தன. மறுமுகம் கிட்டத்தட்டப் புதிது. போலி செய்கிறவர்கள் புதுத் தோலைத் துணியில் வைத்துத் தேய்த்துப் பழசாக்குவார்கள். சோம்பேறிகளாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ப்பார்கள். இரண்டு வாரம் பார்த்தேன். வேறு விளக்கம் கிடைக்கவில்லை. கடைசியில் அறிக்கையில், "உறையின் தேய்மானம் இயல்பானதாகத் தெரியவில்லை. உரிமையாளர் கூறும் வரலாறு சந்தேகத்துக்குரியது" என்று தட்டச்சு செய்துவிட்டேன். ஒரு பெண்ணிடம் அவர் கணவர் பொய்யர் என்று சொல்வதற்கு இது நாகரிகமான வழி.

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். என் மகள் யாழினிக்குப் பதினான்கு மாதம். கோமதி ஆன்ட்டி வீட்டு டேகேரில் விட்டிருந்தோம். ஆன்ட்டி கோபிச்செட்டிபாளையத்துக்காரர், பேர்லேண்டில் தன் வீட்டிலேயே நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். இரண்டு வாரமாக யாழினி பகலில் கண்ணயர்ந்த பத்தாவது நிமிடம் வீறிட்டு எழுந்தாள். பல்லா, காதா, வயிறா என்று டாக்டரிடம் இரண்டு முறை போனேன். ஆன்ட்டியிடம் வேறு மருந்து இருந்தது.

"பயந்திருக்குது கண்ணு. மெத்தைக்கு அடியில ஒரு இரும்பு வெய்யி. பாக்குவெட்டியோ கத்தியோ, என்னமோ ஒண்ணு. நைட்மேர்லாம் ஓடிப்போயிரும்."

"சரி ஆன்ட்டி, கொண்டுவரேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நாம் எல்லாரும் எல்லா ஆன்ட்டிகளிடமும் அப்படித்தானே தலையாட்டுகிறோம்.

அடுத்தது துணி. பழைய இரும்பையும் தோலையும் சுற்ற, சாயமில்லாத, கஞ்சியில்லாத, பலமுறை துவைத்த பருத்தித் துணிதான் நல்லது. அதற்குப் பழைய வேட்டியை மிஞ்சியது எதுவும் இல்லை. குழந்தைக்கும் அதேதான். என் மாமியார் ஊரிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய வேட்டிகளை அனுப்பியிருந்தார். பாதியைக் குழந்தைக்கும் பாதியைக் கத்திகளுக்கும் கிழித்துக்கொண்டேன். டேகேர் பைக்குள் வைக்கும் மாற்று உடுப்பையும் பால் ஃபிளாஸ்கையும் நான் சுற்றும் விதமும் கத்தியைச் சுற்றும் விதமும் ஒன்றுதான்: நீளமாக உருட்டி, கரையைக் கிழித்து இரண்டு முடிச்சு. என்னிடம் ஒரே ஒரு விதம்தான் இருந்தது.

அறிக்கை கொடுக்கப்போகும் நாள், அலுவலகம் போகாமல் டேகேரிலிருந்து நேரே மிஸ் மார்த்தா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் கத்தி முந்தின நாளே என்னுடன் வந்துவிட்டது. காலையில் ஆன்ட்டி வீட்டு வாசலில் காரை நிறுத்தி, குழந்தையின் துணிச் சுருட்டு பையில் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். இருந்தது. பையை மூடிய பிறகு, நான் பார்த்தது இதையா, பக்கத்து இருக்கையில் இருந்த கத்திச் சுருட்டையா என்று தோன்றியது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். சரிதான். ஆன்ட்டி வீட்டுப் படியில் கால் வைத்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. காருக்குத் திரும்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாழினி அழுதாள். ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

மூன்று முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறை பார்த்ததில்தான் மாறியது.

மிஸ் மார்த்தா சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பு போட்டு வைத்திருந்தார். அறிக்கை ஒரு கடித உறைக்குள் என் கைப்பையில் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வரட்டும் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டேன். சுருட்டை விரிப்பின் நடுவில் வைத்தேன். முடிச்சை அவிழ்த்து, வழக்கம்போல் ஒவ்வொரு மடிப்பாக மரியாதையுடன் பிரித்தேன்.

மஞ்சள் கவுன் ஒன்று. அதில் வாத்துகள். ஒரு காலுறை. சூப்பான். பால் ஃபிளாஸ்க்.

மிஸ் மார்த்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இதையா அவர் கப்பலில் செய்தார்?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடி வரும்போது உண்மை மெதுவாக நடந்து வரும். பொய் ஓடி வந்து வாயில் நிற்கும். கத்தி என் குழந்தையின் டேகேரில், நான்கைந்து பிள்ளைகளின் நடுவில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய், "மன்னிக்க வேண்டும் மேடம், சுருட்டு மாறிவிட்டது. உங்கள் கத்தி எங்கள் அலுவலக சேஃபில் பத்திரமாக இருக்கிறது" என்றது.

உடனே ஆன்ட்டியைக் கூப்பிட வேண்டும். என் கைபேசியை அந்த வாரம்தான் யாழினி சாம்பாரில் போட்டிருந்தாள். காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் மட்டும்தான் பேச முடியும். வெளியே போய்ப் பேசினால் சந்தேகம் வரும். தமிழில் பேசினால் இவருக்கு என்ன புரியப்போகிறது என்று, அங்கேயே, புன்னகையுடன் கூப்பிட்டேன். ஒரு ஆங்கில வார்த்தைகூட வரக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, யாழினியோட பையில ஒரு துணிச் சுருட்டு இருக்கு. அதைப் பிரிக்காதீங்க. குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. உள்ளே கூர்மையான பொருள் இருக்கு."

"என்ன பொருளு?"

"குத்துவாள்."

"குத்துவாளா? அதென்ன கண்ணு, ஸ்நாக்ஸா?"

"இல்ல ஆன்ட்டி. வெட்டுறது. உறையோட இருக்கும்."

"அட, நைஃபா!" ஆன்ட்டியின் குரல் அந்த வீடு முழுவதும் கேட்டது. "அதைச் சொல்றியா? அதை அப்பவே எடுத்து பேபி மேட்ரஸுக்கு அடியில வெச்சுப்போட்டேனே! நைஃப் அண்டர் த மேட்ரஸ், வெரி சேஃபு!"

நான் மிஸ் மார்த்தாவைப் பார்க்கவில்லை. வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, எதுக்கு அங்க வெச்சீங்க?"

"நீதானே கண்ணு கொடுத்தனுப்பிச்சே? இரும்பு வெய்யின்னு நாஞ் சொன்னதுக்கு நீயும் சரின்னு சொன்னியல்ல? இருந்தாலும் அம்மணி, ஒரு பாக்குவெட்டி பத்தாதா? இத்தாம் பெரிய நைஃபு! பேபிக்கு என்ன, ராணுவத்துல வேலையா? ஆனா பாரு, எஃபெக்டு சூப்பரு. நைன் தேர்ட்டிக்குப் படுத்த புள்ள, இன்னும் ஸ்லீப்பிங்!"

அழைப்பை முடித்தேன். மணி பதினொன்றரை. என் மகள் ஒரு சண்டைக் கத்தியின் மேல் இரண்டு மணி நேரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். என் வேலை போய்விட்டது. போலீஸ் வரும். ஆன்ட்டியின் டேகேர் மூடப்படும். எங்கள் விசா என்னாகும் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எந்த மன்னிப்பை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

மிஸ் மார்த்தாதான் முதலில் பேசினார்.

"எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனால் நைஃப், பேபி, மேட்ரஸ் என்று கேட்டது. சேஃப் என்றும் கேட்டது. நீ சொன்ன சேஃப் அதுதானா?"

"ஆமாம், மேடம். நான் உங்களிடம் பொய் சொன்னேன்."

"மெத்தைக்கு அடியிலா?"

"ஆமாம். உறையோடுதான். குழந்தைகள் பயந்து அழுதால் எங்கள் ஊரில் அப்படி வைப்பார்கள். நான் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் 'சரி' என்று சொல்லிவிட்டேன்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கழுத்து முதல் நாள் போலவே சிவந்திருந்தது.

"குழந்தை தூங்குகிறதா?"

"தூங்குகிறாளாம்."

"என் கோட்டை எடு. நான் பார்க்க வேண்டும்."

அப்படியாக மிஸ் மார்த்தா, வாத்துக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு, என் காரில் உட்கார்ந்து ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் வந்தார். நான் நடுநடுவே "மன்னிக்க வேண்டும்" என்றேன். ஐந்தாவது முறை, "சாலையைப் பார்த்து ஓட்டு, ஹனி" என்றார்.

கோமதி ஆன்ட்டி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். யாழினி தனியறையில், கைகளை விரித்துப்போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கினாள். மெத்தையின் கால்மாட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உறையின் வார் பூட்டியபடி, அதன்மேல் வேட்டித் துணி நான்கு சுற்று சுற்றி, ஆன்ட்டி அதற்கு மேல் ஒரு ரப்பர் பாண்டும் போட்டிருந்தார். நம் அலுவலகத்தில்கூட யாரும் அவ்வளவு நன்றாகச் சுற்றியதில்லை. எடுக்கக் கை நீட்டினேன்.

ஆன்ட்டி என் கையைத் தட்டிவிட்டார். "தூங்கற புள்ளைய எழுப்புவியா? ரெண்டு வாரங் கழிச்சு இன்னைக்குத்தான் தூங்குது. அது எந்திரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

"ஆன்ட்டி, கத்தி இவங்களோடது."

"அதனால என்ன? உக்காரச் சொல்லு. காப்பி குடிப்பாங்களா?"

மொழிபெயர்த்தேன். மிஸ் மார்த்தா, "அந்த அம்மாள் சொல்வது சரி" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஐம்பது நிமிடம் நாங்கள் மூவரும் காப்பியும் ஓமப்பொடியும் வைத்துக்கொண்டு, ஒரு கத்தி தூங்கி எழுவதற்காகக் காத்திருந்தோம். அந்த ஐம்பது நிமிடத்தில்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிஸ் மார்த்தா அதைச் சொன்னார்.

"அவரும் அங்கேதான் வைத்திருந்தார். கல்யாணமான முதல் நாளிலிருந்து, அவர் பக்கத்து மெத்தைக்கு அடியில். போரிலிருந்து வந்த பிறகு அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. அலறி எழுந்துவிடுவார். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வீட்டில் கத்தியோடு படுக்கிற கணவர் என்று யாரிடம் சொல்ல முடியும்? பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. நீ கேட்டபோது 'வீட்டில்' என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவர் போன அன்று மாலையே அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்."

ஆன்ட்டிக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். "சரியாத்தானே செஞ்சிருக்காரு" என்றார். "மொனை எந்தப் பக்கம் வெச்சாராம், கேளு."

நான் கேட்கவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முகம் மட்டும் தட்டையான உறை. சாய்வான துணி வரிகள். அறுபத்தோரு வருடம், ஒரு மனிதனின் எடை.

சரியாக அந்த நேரத்தில் யாழினி எழுந்தாள். அழவில்லை. எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, மிஸ் மார்த்தா கையிலிருந்த வாத்துகளைக் காட்டி, "டக்" என்றாள்.

ஆன்ட்டி கத்தியை எடுத்து வந்தார். அவரும் அதைக் கையில் கொடுக்கவில்லை, டீப்பாயில் வைத்தார். மிஸ் மார்த்தா உடனே எடுக்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு சென்ட் நாணயத்தை ஆன்ட்டியிடம் நீட்டினார்.

"என்ன இது? டிப்ஸா?" என்றார் ஆன்ட்டி.

கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துவிடும், பதிலுக்கு ஒரு காசாவது கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்துப் பழக்கம் என்று விளக்கினேன். ஆன்ட்டி மரியாதையுடன் வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தார். "இவிய நம்மாளுதான்" என்று முடிவாகச் சொன்னார். பிறகு மிஸ் மார்த்தாவிடமே திரும்பி, "நைஃப் பாயிண்டு, லெக் சைடு, ஓகே?" என்றார்.

இதோடு கதையை முடித்துவிட்டு அறிக்கையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் உருக்கமான கதை கேட்டுத் தீர்ப்பை மாற்றுகிறவருக்கு நம் தொழிலில் இடமில்லை. மிஸ் மார்த்தாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்கள் படுக்கையைத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். இந்த வேலையில் நான் கேட்டதிலேயே கூச்சமான கேள்வி அதுதான். இப்போது உங்களுக்கு இருக்கும் கூச்சம் அதில் பாதிகூட இருக்காது.

மெத்தை கனம். நான் ஒரு கையால் தூக்க, மிஸ் மார்த்தா தோளால் முட்டுக்கொடுத்தார். யாழினியைத் தரையில் விட்டுவிட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு உள்ளே தலையை நுழைத்தேன். அவர் கணவர் படுத்த பக்கத்தில், கட்டிலின் மேல் அடித்திருந்த கோடுபோட்ட துணியில், இடுப்பு வருகிற இடத்தில் ஒரு கருஞ்சிவப்புக் கறை. தோலின் எண்ணெய் ஊறிய கறை. உறையை அதன்மேல் வைத்தேன். முனையிலிருந்து வார் வரை பொருந்தியது. துணியின் சாய்வு நெசவை உருப்பெருக்கியில் பார்த்தேன். உறையைப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். இந்த முறை மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

பழைய அறிக்கையை அவர் முன்னாலேயே கிழித்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து கையால் எழுதினேன். உறையின் தேய்மானம் பல்லாண்டுகள் படுக்கைக்கு அடியில் இருந்ததால் ஏற்பட்டது, செயற்கையானது அல்ல. கைப்பிடியும் அலகும் கப்பல் பட்டறையில் செய்யப்பட்டவை என்பதை மறுக்க எதுவும் இல்லை. கத்தி யாரிடம் எப்போது இருந்தது என்ற பத்தியின் கடைசி வரி: "இன்று காலை ஒன்பதரை முதல் ஒன்றே கால் வரை: மதிப்பீட்டாளரின் கவனக்குறைவால், பேர்லேண்டில் ஒரு குழந்தையின் மெத்தைக்கு அடியில்."

மிஸ் மார்த்தா அதை இரண்டு முறை படித்தார். "அப்படியென்றால் அவர் பொய் சொல்லவில்லை."

"உறை பொய் சொல்லவில்லை, மேடம். நான் எழுத முடிவது அவ்வளவுதான்."

"போதும்" என்றார். "மீதி எனக்குத் தெரியும்."

அன்று மாலை முதலாளிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். "கத்தியில் கீறல்?" என்றார். இல்லை என்றேன். "குழந்தைக்கு?" இல்லை. "எத்தனை மணி நேரம் தூங்கினாள்?" மூன்றே முக்கால். "என் பேரனுக்கு ஒன்பது மாதம்" என்றார் மெதுவாக. "அலுவலகத்தில் சின்னதாக ஏதாவது இருக்குமா?"

இனி அலுவலகத்துப் பொருள் எதுவும் நம் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற விதியும், கத்திச் சுருட்டுகளில் சிவப்பு நாடா கட்ட வேண்டும் என்ற விதியும், பதினான்காவது கேள்வியும் மறுநாள் வந்தவை. "எந்தப் பக்கம்" என்பதைச் சேர்த்தது கோமதி ஆன்ட்டி. முதலாளிக்கு அது தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. அந்த அவசரத்தில் மிஸ் மார்த்தா வீட்டிலேயே மறந்துவிட்ட ஃபிளாஸ்கும், சூப்பானும், காலுறையும், அன்று அவர் கையிலேயே தங்கிவிட்ட வாத்துக் கவுனும், துவைத்து இஸ்திரி போட்டு. வேட்டித் துணி மட்டும் இல்லை. கூடவே ஒரு சீட்டு: "துணியை நான் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் உன் அறிக்கையைப் படித்துவிட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. கத்தியை விற்கப்போவதில்லை. என் பக்கம் வைத்திருக்கிறேன், முனை கால்மாட்டில், அந்த அம்மாள் சொன்னபடி. ஆறு மணி நேரம் தூங்குகிறேன்."

ஆகவே, கேளுங்கள். முதல் தடவை "வீட்டில்தான்" என்று சொல்வார்கள். கழுத்தைப் பாருங்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், கொண்டுவந்த சுருட்டு சரியானதுதானா என்று பாருங்கள். ஒரே ஒரு முறை.